கூழைக்கடாத் தீவு

ஏரி நிறைந்த காலத்தில் அதன் கரையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்குக் கூழைக்கடா என்னும் நீர்ப்பறவையை அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. உடல் பெரிது, கால்கள் குட்டை, அலகு ஏறத்தாழ ஓர் அடி நீளம். கீழலகின் அடியில் தோலாலான பை ஒன்று தொங்கும். தரையில் அது தள்ளாடி நடப்பதைக் கண்டால், இதைப் போல் அவலட்சணமான பறவை வேறில்லை என்று தோன்றும். அதுவே சிறகை விரித்து வானில் எழுந்து, வட்டமிட்டு மிதக்கும்போது, இதைப் போல் பெருமிதம் வாய்ந்த பறவையும் வேறுண்டோ என்று எண்ணத் தோன்றும்.

அந்தப் பை மீனைச் சேமித்து வைப்பதற்கானது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. அந்தப் பை உண்மையில் ஒரு வலை. மீனையும் நீரையும் சேர்த்து அள்ளி, அலகை மார்போடு அழுத்தி நீரை வடித்துவிட்டு, பின்னர் தலையை நிமிர்த்தி மீனை விழுங்குகிறது. இச்சிறு செய்தியைக்கூட ஏட்டிலிருந்து அறிவது அரிது. கரையிலே பொறுமையாக இருந்து கண்டால்தான் விளங்கும். இவ்வாறு அருகிருந்து காண்பது ஒரு கலை. அக்கலை எவ்வாறு வளர்ந்தது, அதனால் ஒரு பறவையினம் எவ்வாறு காப்பாற்றப்பட்டது, அதே கலை எல்லை மீறினால் என்ன கேடு விளையும் என்பவற்றை ஒரு சிறு தீவின் வரலாற்றைக் கொண்டு இன்று கூற விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மாநிலம் புளோரிடா. அதன் கிழக்குக் கரையை ஒட்டி நெடுந்தூரம் ஓர் உப்பங்கழி செல்கிறது. அதனை இந்தியன் ஆறு என்று அழைப்பர். பெயரில் ஆறாயினும் அது காயலே. அக்காயலில், செபாஸ்டியன் என்னும் ஊருக்கு எதிரே, கண்டல் மரங்கள் செறிந்த ஒரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. முன்பு அதன் பரப்பு ஐந்தரை ஏக்கர் அளவே இருந்தது. நம் ஊர்களில் ஒரு நடுத்தர உழவனின் நிலம் அவ்வளவு இருக்கலாம். ஆயினும் அந்நாட்டின் சட்ட வரலாற்றில் அத்தீவுக்குத் தனி இடம் உண்டு. அதன் பெயர் கூழைக்கடாத் தீவு. ஆங்கிலத்தில் பெலிகன் ஐலண்ட் என்பர்.

அங்கே கூடு கட்டும் கூழைக்கடா நம் நாட்டுக் கூழைக்கடாவினின்றும் வேறுபட்டது. நம்முடையது சாம்பல் நிறம். மேலலகில் புள்ளிகள் உடையது. நீரில் மிதந்தவாறே மீனை அள்ளுவது. அவர்களுடையது பழுப்பு நிறம், உருவில் சிறியது, ஐம்பது, அறுபது அடி உயரத்திலிருந்து தலைகீழாகக் கடலில் பாய்ந்து மீனைப் பற்றுவது. பாய்ச்சலின் அதிர்ச்சி உடலைத் தாக்காதபடி அதன் தோலுக்கடியில் காற்றுப் பைகள் அமைந்துள்ளன. ஆனால் கூட்டமாகக் கூடி ஒரே இடத்தில் கூடு கட்டும் பழக்கம் இரண்டிற்கும் பொது. அப்பழக்கமே அவற்றின் பலம். அதுவே அவற்றின் பலவீனமும் ஆகும். ஓரிடத்தில் கூடியிருக்கும் பறவைகளைக் காப்பதும் எளிது, கொல்வதும் எளிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொல்வதே பெருவழக்காக இருந்தது. அக்காலத்தில் மேனாட்டு மகளிர் தம் தொப்பிகளைப் பறவை இறகுகளால் அணி செய்து கொண்டனர். சில தொப்பிகளில் முழுப் பறவையையே பாடம் செய்து பொருத்தினர். 1886-ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் இளைஞர் நியூயார்க் நகரின் கடைத்தெருவில் இருமுறை நடந்து சென்று, தம் கண்ணில் பட்ட தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542 தொப்பிகள் இறகு அணிந்தவை. அவற்றில் ஏறத்தாழ 40 வகைப் பறவைகளை அவர் இனங்கண்டு குறித்தார். காட்டிலும் ஏரியிலும் அன்றி, கடைத்தெருவில் நடந்த அந்தப் பறவைக் கணக்கு, படித்தவர் மனத்தை உறுத்தியது.

வெண்கொக்கின் மெல்லிய இறகு பொன்னினும் மிகுந்த விலைக்கு விற்றது. அவ்விறகு இனப்பெருக்கக் காலத்தில்தான் முளைக்கும். ஆகவே கூட்டில் குஞ்சுகள் இருக்கும் வேளையில்தான் வேடர்கள் சென்று தாய்ப்பறவைகளைச் சுட்டனர். தாயை இழந்த குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் மாண்டன. கூழைக்கடாவின் இறகுக்கு அத்துணை விலை இல்லை. ஆயினும் அதையும் விட்டுவைக்கவில்லை. காயல் வழியே படகுகளில் சென்ற உல்லாசப் பயணிகளுள் சிலர், குறி பார்த்துச் சுடும் பொழுதுபோக்கிற்காகவே அத்தீவின்மீது துப்பாக்கியைத் திருப்பினர். சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துச் செல்லும் நோக்கமும் அவர்களுக்கு இல்லை.

இதனை எதிர்க்கரையிலிருந்து நாள்தோறும் கண்டு வருந்திய ஒருவர் இருந்தார். அவர் பெயர் பால் குரோகல். செருமானிய நாட்டில் 1864-இல் பிறந்தவர். 1881-இல் தந்தையுடன் புளோரிடாவுக்குக் குடியேறியவர். படகு கட்டுவது அவர் தொழில். தீவு நன்கு தெரியும்படியான ஒரு மேட்டில் அவர்கள் வீடு அமைந்திருந்தது. பயணிகளின் படகு தீவை நெருங்குவதைக் கண்டால், குரோகல் தம் பாய்மரப் படகில் துப்பாக்கியுடன் புறப்பட்டுச் சென்று குறுக்கே நிற்பார். அவருக்கு எந்தச் சட்டமும் அந்த அதிகாரத்தை அளிக்கவில்லை. பறவைகளைக் காக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. நாள்தோறும் கண்டு பழகிய பறவைகள் காரணமின்றி மடிவதை அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவே.

முன்னே தொப்பிகளை எண்ணிய சாப்மன், அதற்குள் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவை நூல் வல்லுநராகியிருந்தார். 1898-ஆம் ஆண்டில் அவர் புதுமணம் புரிந்த மனைவியுடன் இப்பகுதிக்கு வந்து கூழைக்கடாத் தீவைக் கண்டார். அதன் பின்னரும் பன்முறை வந்தார். அவர் துப்பாக்கியோடு மட்டும் வரவில்லை. புகைப்படக் கருவியும் கொண்டு வந்தார். இதன் சிறப்பை இன்றைய மாணவர்கள் உணர்வது கடினம். அந்நாள்வரை பறவை நூல் வல்லுநர் ஒருவர் ஒரு பறவையை ஆராய வேண்டுமாயின், அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துப் பாடம் செய்வதே வழக்கம். உயிரோடிருக்கும் பறவையை, அதன் கூட்டில், அதன் போக்கிலேயே இருக்க விட்டுப் பதிவு செய்யலாம் என்னும் கருத்தே புதியது.

அக்காலத்துக் கருவிகளோ மிகப் பளுவானவை. மரப்பெட்டி போன்ற காமிரா, மூன்று கால் தாங்கி, ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனியாகக் கண்ணாடித் தகடு. உருவம் தெளிவாக விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டுமானால் கரிய துணிக்குள் தலையை நுழைத்துக் கொள்ள வேண்டும். தொலைவிலுள்ளதை அருகே காட்டும் வில்லைகள் இன்றுபோல் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே படம் எடுப்பவர் பறவையை நெருங்கியே ஆக வேண்டும். நெருங்கினால் பறவை பறந்துவிடும். இந்த இடர்ப்பாட்டிற்கு வழி காணவே மறைவிடங்கள் தோன்றின. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள், உயிருள்ள பறவைகளின் கூடுகளைப் படம் எடுத்து 1895-இல் நூலாக வெளியிட்டவர்கள், 1900-ஆம் ஆண்டில் மாட்டுத்தோலைப் பதப்படுத்திப் பொய்க்காளை ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் புகுந்து படம் எடுத்தனர். சாப்மனோ பெரிய குடையொன்றை நட்டு, அதைச் சுற்றிலும் பசுமை நிறத் துணியைத் தொங்கவிட்டு, அதனுள் அமர்ந்து படம் எடுக்கும் முறையைக் கையாண்டார்.

இவ்வாறு எடுத்த படங்களைத் தொகுத்து 1900-ஆம் ஆண்டில் சாப்மன் ஒரு நூல் வெளியிட்டார். அதில் கூழைக்கடாத் தீவுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அதனைப் படித்தவர்கள் அத்தீவை ஒருபோதும் நேரில் கண்டவர்களல்லர். ஆனால் கூட்டின்மீது அமர்ந்திருக்கும் தாயையும், அதன் தொண்டைக்குள் தலையை விட்டு உணவு வாங்கும் குஞ்சையும் படத்தில் கண்டபோது, தொலைவிலுள்ள ஒரு தீவு அவர்கள் வீட்டு முற்றத்திற்கு வந்துவிட்டது. ஒரு பறவையைப் பற்றிக் கேள்விப்படுவது வேறு. அதன் முகத்தைக் காண்பது வேறு அன்றோ?

1901-ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம் பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஆயினும் தீவு தனியார் எவருக்கேனும் உரிமையாகிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் சாப்மனுக்கும் அவர் நண்பர்களுக்கும் இருந்தது. தீவு அரசாங்க நிலம். அதனை விலைக்கு வாங்க முயன்றனர். அளவை, மனு, முன்னுரிமை என்று அலுவலக நடைமுறைகள் நீண்டுகொண்டே போயின. முடிவில், குடியரசுத் தலைவரே ஓர் ஆணையால் அத்தீவை ஒதுக்கி வைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். அவர் சிறந்த வேட்டைக்காரர்; ஆனால் சிறு வயது முதலே பறவைகளை நுணுகி ஆராய்ந்தவரும் ஆவார். 1903-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள் அவர் கையொப்பமிட்ட ஆணை, கூழைக்கடாத் தீவை அந்நாட்டுப் பறவைகளின் புகலிடமாகவும் இனப்பெருக்க இடமாகவும் ஒதுக்கியது. அமெரிக்க நடுவண் அரசு காட்டுயிர்களின் பொருட்டு நிலத்தை ஒதுக்கிய வரலாற்றில், இன்றைய காட்டுயிர்ப் புகலிட அமைப்பின் முதற்கல் அதுவே. ரூஸ்வெல்ட் 1909-இல் பதவி விலகுவதற்குள் இவ்வாறு 51 பறவைப் புகலிடங்களை ஏற்படுத்தினார். இன்று அவ்வமைப்பில் 560-க்கு மேற்பட்ட புகலிடங்கள் உள்ளன.

ஆணை பிறந்தது, காவலர் யார்? வேறு யாராக இருக்க முடியும்? படகு கட்டும் குரோகலே முதற் காவலராக நியமிக்கப்பட்டார். ஆனால் அவருக்கு ஊதியம் அளிக்க அரசாங்கத்தில் பணம் ஒதுக்கப்படவில்லை. பறவை நலம் பேணும் சங்கத்தார் மாதம் ஒரு டாலர் வழங்கினர். அந்த ஒரு டாலருக்காக அவர் காவல் காக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காவல் வேலை அக்காலத்தில் விளையாட்டன்று. புளோரிடாவின் தென்கோடியில் கொக்குகளைக் காத்து வந்த கை பிராட்லி என்னும் காவலர் 1905-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் இறகு வேடன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன்மீது குற்றம் சாட்டக்கூட அந்தப் பகுதியின் நடுவர் குழு முன்வரவில்லை. இந்நிகழ்ச்சியால் நாடெங்கும் மக்கள் உள்ளம் கொதித்தது. 1910-இல் நியூயார்க் மாநிலம் காட்டுப் பறவைகளின் இறகு விற்பனையைத் தடை செய்தது. கடைத்தெருவின் வாயிலை அடைத்த பின்னரே காட்டில் துப்பாக்கி ஓசை அடங்கத் தொடங்கியது.

இதற்கிடையில் நாட்டின் மேற்குக் கரையிலும் புகைப்படக் கருவி தன் பணியைச் செய்தது. வில்லியம் பின்லி, ஹெர்மன் போல்மன் என்னும் இரு நண்பர்கள் 1905-இல் கிளாமத் ஏரிப் பகுதிக்குச் சென்றனர். அங்கே கோரைகள் மிதந்து திரண்டு உண்டான தீவுகளில் வெண்ணிறக் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. படகில் கருவிகளைச் சுமந்து, சேற்றிலும் கோரையிலும் தங்கி, அவற்றையும் ஏனைய நீர்ப்பறவைகளையும் படம் எடுத்தனர். இறகுக்காகக் கொல்லப்பட்ட பறவைகளையும் படத்தில் பதிவு செய்தனர். அப்படங்களை ரூஸ்வெல்ட் கண்டார். 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிளாமத் ஏரிப் பகுதி புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறவாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். கூழைக்கடாவின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போது உடலில் ஒரு தூவியும் இராது, கண்ணும் திறந்திராது. வெயிலைத் தாங்கும் ஆற்றல் அதற்கில்லை. தாயும் தந்தையும் மாறி மாறி நிழலாக நின்றால்தான் அது பிழைக்கும். மனிதர் நெருங்கி வந்து பெற்றோர் பறந்து சென்றுவிட்டால், சிறிது நேரத்திற்குள் குஞ்சுகள் வெயிலில் வாடி மடியும். காவலற்ற முட்டைகளைக் காகமும் கடற்பறவையும் கவர்ந்து செல்லும். துப்பாக்கி ஏந்தி வந்தவனும் புகைப்படக் கருவி ஏந்தி வந்தவனும் குஞ்சின் கண்ணுக்கு ஒருவரே. வந்தவர் நல்லெண்ணத்தோடு வந்தார் என்பது வெயிலுக்குத் தெரியாது. ஆகவே பறவையின் நண்பனாக வருபவன் தானே அதன் கூற்றுவனாகிவிடக் கூடும். மறைவிடம் என்பது படம் எடுப்பதற்கான தந்திரம் மட்டுமன்று. பறவையைக் காக்கும் வேலியும் ஆகும்.

கூழைக்கடாத் தீவின் துன்பம் அரசாணையோடு முடிந்துவிடவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பற்றாக்குறை ஏற்பட்டது. மனிதர் உண்ண வேண்டிய மீனைக் கூழைக்கடாக்கள் தின்றுவிடுகின்றன என்று மீனவர் சிலர் குற்றம் சாட்டினர். 1918-ஆம் ஆண்டில் சிலர் தீவில் இறங்கி, பறக்க இயலாத 400-க்கு மேற்பட்ட குஞ்சுகளைத் தடியால் அடித்துக் கொன்றனர். குற்றச்சாட்டு உண்மையா? பறவை அன்பர்கள் சினந்து பேசுவதோடு நின்றுவிடவில்லை. கூழைக்கடாக்கள் எந்த மீனை உண்ணுகின்றன என்று கூடு கூடாகச் சென்று ஆராய்ந்தனர். அவை உண்பவை பெரும்பாலும் சந்தையில் விலை போகாத மீன்களே என்பது தெரிந்தது. பறவையின் வாழ்க்கையை அருகிருந்து கண்டவர்களின் சான்று, பழியைத் துடைத்தது.

1923-ஆம் ஆண்டில் புயல் வீசியபின் பறவைகள் அத்தீவை விட்டு வேறு தீவுகளுக்குச் சென்றன. குரோகல் 1926-இல் காவல் பணியிலிருந்து விலகினார். காலப்போக்கில் கூழைக்கடாக்கள் தம் பழைய தீவுக்குத் திரும்பின. குரோகல் 1948-இல் மறைந்தார். 1960-களில் வேறொரு சோதனை வந்தது. தீவைச் சுற்றியுள்ள நீரடி நிலங்களையும் சதுப்புகளையும் கட்டடங்கள் எழுப்புவதற்காக விற்கும் ஏற்பாடுகள் நடந்தன. அப்போது அதனை எதிர்த்து நின்றவர்கள் யாவர் தெரியுமா? எலுமிச்சை இனப் பழத்தோட்டக்காரர்கள், வேட்டைக்காரர்கள், அவர்களோடு மீனவர்கள். சதுப்பு அழிந்தால் மீனும் அழியும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஒரு தலைமுறைக்கு முன் கூழைக்கடாவைப் பகையென எண்ணிய தொழிலினர், அதன் வீட்டைக் காப்பதே தம் வீட்டைக் காப்பது என்று கண்டுகொண்டனர்.

ஆயினும் அனைத்தினும் கொடிய பகை கண்ணுக்குத் தெரியாத பகையாக வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மருந்து உலகெங்கும் பரவிற்று. கொசுவையும் பயிர்ப் பூச்சியையும் அழித்ததால் அதனை மக்கள் போற்றினர். அது எளிதில் சிதையாத பொருள். வயலிலிருந்து ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து கடலுக்கும் சென்று நுண்ணுயிர்களில் படிந்தது. நுண்ணுயிர்களைச் சிறு மீன் உண்டது. சிறு மீனைப் பெரிய மீன் உண்டது. மீனைக் கூழைக்கடா உண்டது. படிதோறும் நஞ்சின் அளவு பெருகிற்று. பறவை உடனே சாகவில்லை. ஆனால் அதன் உடலில் முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து சரிவரச் சேராமற் போயிற்று. ஓடு மெலிந்தது.

ஏனைய பறவைகள் பெரும்பாலும் வயிற்றின் வெப்பத்தால் முட்டையை அடைகாக்கின்றன. கூழைக்கடாவோ சவ்வால் இணைந்த தன் பாதங்களை முட்டையின்மேல் வைத்து அடைகாக்கும். மெலிந்த ஓடு தாயின் பாதத்தின் கீழேயே நொறுங்கியது. காக்க வேண்டிய தாயே அறியாமல் தன் குஞ்சை அழித்தது. கலிபோர்னியாக் கடற்கரைக்கு அருகிலுள்ள அனகாபாத் தீவில் 1970-ஆம் ஆண்டில் 552 கூடுகளைக் கணக்கிட்டனர். அவற்றிலிருந்து வெளிவந்தது ஒரே ஒரு குஞ்சு. லூசியானா மாநிலம் கூழைக்கடா மாநிலம் என்று சிறப்புப் பெயர் பெற்றது. அதன் முத்திரையிலேயே கூழைக்கடா உண்டு. அம்மாநிலத்தில் 1960-களின் தொடக்கத்தில் பழுப்புக் கூழைக்கடா ஒன்றுகூட இல்லாமற் போயிற்று.

இக்கேட்டின் காரணத்தை எவ்வாறு கண்டனர்? கூடு கூடாகச் சென்று எண்ணியவர்கள் இருந்தனர். அருங்காட்சியகங்களில் பல்லாண்டுகளாகப் பாதுகாத்து வைத்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து, அவற்றின் பருமனைப் புதிய ஓடுகளுடன் ஒப்பிட்டனர். முன்னோர் செய்து வைத்த பதிவு, பின்னோருக்குச் சான்றாயிற்று. ரேச்சல் கார்சன் என்னும் அம்மையார் 1962-இல் எழுதிய நூல் பூச்சிக்கொல்லிகளின் ஆபத்தை மக்களுக்கு உணர்த்தியது. 1970-இல் பழுப்புக் கூழைக்கடா அருகிவரும் இனம் என்று அறிவிக்கப்பட்டது. 1972-இல் அமெரிக்க அரசு டி.டி.டி.யின் பயன்பாட்டைத் தடை செய்தது. புளோரிடாவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட இளம் பறவைகளை லூசியானாவுக்குக் கொண்டு சென்று விட்டனர். நஞ்சு குறையக் குறைய ஓடுகள் உரம் பெற்றன. 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இப்பறவையை அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து முற்றிலும் நீக்கியது. துப்பாக்கிக்கும் தடிக்கும் நஞ்சுக்கும் தப்பிப் பிழைத்த பறவை இது.

இன்று கூழைக்கடாத் தீவைக் காணச் செல்வோர் அத்தீவில் கால் வைக்க முடியாது. அதற்கு அனுமதி இல்லை. எதிர்க்கரையில் ஒரு பலகைப் பாதை அமைத்திருக்கிறார்கள். 2003-இல் நூற்றாண்டு விழாவின்போது அமைத்த அப்பாதையின் பலகைகளில், நாட்டிலுள்ள புகலிடங்களின் பெயர்களைப் பொறித்துள்ளனர். பாதையின் முடிவில் ஒரு பார்வை மேடை. அதன்மேல் நின்று தொலைநோக்கி வழியாகப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். அலைகளால் அரிக்கப்பட்டுத் தீவு பாதிக்கு மேல் சுருங்கிவிட்டதால், சிப்பி ஓடுகளைக் கொட்டியும் செடிகளை நட்டும் கரையை மீட்டு வருகின்றனர். குரோகல் ஒருவராகச் செய்த காவலை இன்று பலர் கூடிச் செய்கின்றனர்.

இவையெல்லாம் எங்கோ ஓர் அயல்நாட்டில் நடந்தவை. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ரூஸ்வெல்ட் ஆணை பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே நம் செங்கற்பட்டுச் சீமையில் இத்தகைய செயல் நடந்திருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, அவ்வூர் மக்கள் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு அளிக்கும் கவுல் கிடைத்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு எருவாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். அவர்களிடம் புகைப்படக் கருவி இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கண்ட கண்கள் இருந்தன. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்கள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சும் என்று அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவ்விடம் 1994-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அரசாணை பின்னால் வந்தது. ஊராரின் அன்பு முன்னால் வந்தது. குரோகலின் கதையும் அதுவேயன்றோ?

மாணவ நண்பர்களே! இன்று உங்களில் பலருடைய கையில் புகைப்படக் கருவி உண்டு. சாப்மன் சுமந்த பளுவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கருவி அது. ஏரிக்கரைக்குச் செல்லுங்கள், பாருங்கள், படம் எடுங்கள், எடுத்த படத்தில் நாளையும் இடத்தையும் தவறாமல் குறித்து வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அக்குறிப்பு எதற்குச் சான்றாகும் என்பதை இன்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் பறவை தலையை உயர்த்தி உங்களை உற்று நோக்கத் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். அது எழுந்து நின்றால் பின்வாங்குங்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் தொலைவிலிருந்தே காண்பதோடு மனநிறைவு கொள்ளுங்கள். நீங்கள் திரும்பி வந்தபின்னும் அப்பறவை நீங்கள் கண்ட அதே கூட்டில், அதே குஞ்சுக்கு நிழலாக நிற்க வேண்டும். அவ்வாறு நிற்குமாயின், அன்று நீங்கள் எடுத்த படம் மங்கலாக இருந்தாலும் குறையில்லை.